சந்தனப் பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

என் சித்தப்பாவிடம் ஒரு கதை இருக்கிறது. குடும்பத்தில் எந்தக் கல்யாணம், எந்தச் சீமந்தம் என்றாலும் பந்தி முடிந்து வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் அதை எடுத்துவிடுவார். போன மாதம் தி.நகரில் ஒரு மண்டபத்திலும் எடுத்தார். "ஒரு பொட்டு சந்தனத்துல ஒரு கம்பெனியே போச்சு, தெரியுமோ? எல்லாம் எங்க மன்னியோட பக்தி" என்று ஆரம்பித்தார். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா சிரித்தார். பந்தியிலிருந்து கை கழுவிவிட்டு வந்த அம்மாவும் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

இந்தத் தடவை புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார். கதையில் வருகிற கம்ப்யூட்டர் புரோகிராமின் பாதி லாஜிக் அவர் சொன்னதாம். மன்னி, அதாவது என் அம்மா, டைப் அடித்தாளாம். கதைக்கு வயதாக ஆக அதில் அவருடைய பங்கு வளர்ந்துகொண்டே போகிறது. இன்னும் நாலு கல்யாணம் நடந்தால் கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்று ஆகிவிடும். அந்தக் கதை நடந்தபோது கூடவே இருந்தவள் நான். எனக்கு அப்போது பத்து வயது. அப்போதும் எனக்கு இதே மாதிரி வயிறு எரிந்தது. ஆனால் நான் கோபித்துக்கொண்ட ஆள் வேறு.

அந்தக் கம்ப்யூட்டர் அம்மாவோடு கல்யாணச் சீராக வந்தது. வெள்ளிக் குடமும் குத்துவிளக்கும் வந்து இறங்க வேண்டிய வீட்டில், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து காட்டுகிற ஒரு பெட்டி வந்து இறங்கியதை வைத்து அப்பா வீட்டார் பல வருஷம் கேலி பேசினார்களாம். கல்யாணத்துக்கு முன்னால் மயிலாப்பூரில் தன் அப்பா வீட்டு முன்னறையில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று பலகை மாட்டி, கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டே, அம்மா அதில் ஜாதகம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். புரோகிராம் அவள் எழுதியது. வாக்கியப் பஞ்சாங்கப்படி கணித்தால் ஒரு நட்சத்திரம், திருக்கணிதப்படி கணித்தால் இன்னொரு நட்சத்திரம் என்று வந்து நின்றுபோன கல்யாணங்கள் மாட வீதிகளில் எத்தனையோ உண்டு. அம்மாவின் புரோகிராம் இரண்டு கணக்கையும் போட்டு, எங்கே வித்தியாசம், ஏன் வித்தியாசம் என்று பக்கத்திலேயே அச்சடித்துக் கொடுத்துவிடும். அப்போது அப்படி வேறெதுவும் கிடையாது என்று சொல்வார்கள்.

இத்தனைக்கும் அம்மாவுக்கு ஜோசியத்தில் துளியும் நம்பிக்கை இல்லை. கணக்கு பிடிக்கும், அதனால் போட்டாள். சாமி விஷயத்திலும் அப்படித்தான். அப்பா இரண்டு தடவை ஞாபகப்படுத்தினால்தான் எங்கள் வீட்டில் விளக்கு எரியும். நவராத்திரிக்குக் கொலு வைப்பதுகூட எனக்காகவும் பொம்மைகளுக்காகவும்தான்.

நான் பிறந்த பிறகு ஜாதகம் போடுவது நின்றுபோய், பெட்டி அபிராமபுரம் வீட்டுக் கூடத்தின் மூலையில் துணி மூடி உட்கார்ந்துவிட்டது. எனக்குப் பத்து வயதான வருஷம் நவராத்திரிக்கு அமெரிக்காவிலிருந்து சித்தப்பா வந்தார். வந்ததும் வராததுமாக அந்தத் துணியைத்தான் விலக்கினார். அங்கே இருக்கிற நம்மவர்களுக்காக ஒரு கல்யாண இணையதளம் தொடங்கப் போவதாகவும், அதற்கு மன்னியின் புரோகிராம் வேண்டும் என்றும் சொன்னார். அப்பா, "அதுக்கென்னடா, எடுத்துக்கோ" என்றார். பெட்டி யாருடையது, புரோகிராம் யாருடையது என்ற கேள்வியே எழவில்லை. அம்மாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தன் கணக்கு இத்தனை காலம் கழித்து வெளியே போகிறது என்று அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்திருக்க வேண்டும். அன்று ரசத்தில் உப்பு போட மறந்தாள்.

எடுத்துக்கொள்வது அவ்வளவு சுலபமாக இல்லை. பழைய பெட்டிக்குப் பென் டிரைவ் என்றால் என்னவென்றே தெரியாது. அதன் அகலமான பிளாப்பிகளை எடுத்துப் பார்த்தால் ஊறுகாய் ஜாடி மாதிரி வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. பூக்காமல் இருந்திருந்தாலும் அவற்றைச் செருக எங்கள் வீட்டுப் புதுக் கம்ப்யூட்டரில் இடம் இல்லை. இரண்டுக்கும் பொதுவாகப் பின்பக்கம் ஒன்பது ஊசி கொண்ட ஒரு பழைய துளை மட்டும் இருந்தது. அதன் வழியாக ஒரு ஒயரைப் போட்டு ஃபைல்களை ஒவ்வொன்றாக அனுப்புவது என்று முடிவாயிற்று. சித்தப்பா என்னை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் இணையதளத்தில் என் பெயரையும் போடுவதாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் பள்ளிக்கூட விடுமுறை முழுவதையும் அவர் காலடியில் வைத்தேன்.

ஆட்டோ பிடித்து ரிச்சி தெருவுக்குப் போய் ஒயர் வாங்கினோம். கடைக்காரர், "இன்னா சார் யோசிக்கிற, இது எல்லாத்துக்கும் ஆவும், எடுத்துக்கினு போ" என்றார். எதற்கும் ஆகவில்லை. பழைய பெட்டியில் கட்டளை கொடுத்தால் கொஞ்ச நேரம் முனகிவிட்டு, எழுத முடியவில்லை, விட்டுவிடட்டுமா, மறுபடி முயலட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்கும். மறுபடி என்பதற்கு ஒரு எழுத்தை அழுத்த வேண்டும். அதுதான் என் வேலை. அழுத்தினேன், அழுத்தினேன், விரல் வலிக்கும்வரை அழுத்தினேன். சித்தப்பா பெட்டியைத் திட்டினார், ஊரைத் திட்டினார், இந்த நாட்டில் எதுவுமே ஒழுங்காக இல்லை என்றார்.

நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது அம்மா சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். சொன்னேன். "ரெண்டு பக்கமும் பேசற கம்பி பேசற கம்பியோட சேர்ந்திருக்கு. கேக்கறதுக்கு ஆள் வேண்டாமா? நடுவுல வெட்டி ரெண்டையும் குறுக்க மாத்திக் கட்டச் சொல்லு. மிச்சக் கம்பியை அந்தந்தப் பக்கத்துலயே முடிஞ்சுடணும்" என்றாள். எந்தெந்தக் கம்பி என்று என் உள்ளங்கையில் பேனாவால் எழுதியும் கொடுத்தாள். நான் போய் ஒப்பித்தேன். சித்தப்பா கத்தரியைத் தேடிக்கொண்டே, "நானும் அதைத்தான் நினைச்சிண்டிருந்தேன்" என்றார். வெட்டிக் கட்டினார். எழுத்துகள் வர ஆரம்பித்தன.

வந்தவை பாதி குப்பையாக இருந்தன. ஆங்கிலம் ஒழுங்காக வந்தது. கிரகங்களின் பெயர்கள் தமிழில் இருந்த இடங்களில் எல்லாம் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள் கொட்டிக் கிடந்தன. சித்தப்பா ஒரு நாள் முழுக்க வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். ஒயரைப் பிரித்து மறுபடி கட்டினார். அப்பா வந்து எட்டிப் பார்த்து, தம்பியின் விடாமுயற்சியை என்னிடம் புகழ்ந்துவிட்டுப் போனார். நான் மறுபடி சமையலறைக்குப் போனேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே, ஒரு எழுத்துக்கு எத்தனை துண்டு, அதாவது எத்தனை பிட், என்று வைத்திருக்கிறார் எனக் கேட்டாள். ஏழு என்றேன். ஆங்கிலத்துக்கு ஏழு போதும், நம் எழுத்தெல்லாம் எட்டாவது துண்டில்தான் உயிரை வைத்திருக்கிறது, அதை வழியில் உதிர்த்துவிட்டால் எப்படி வரும் என்றாள். ரெண்டு பக்கமும் எட்டு வைக்கச் சொன்னாள். சித்தப்பா எட்டு வைத்தார். "இதையும் பாத்துடலாம்னு இருந்தேன்" என்றார்.

இத்தனை நடந்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சித்தப்பா எல்லாம் தெரிந்தவர், அம்மா சமையலறையில் இருப்பவள் என்பது பத்து வயதில் எனக்கு சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரியான விஷயம். அதை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இப்போது யோசித்தால் இன்னும் கோபம் வருகிறது. யாரும் தனியாக உட்காரவைத்துச் சொல்லவில்லை. அந்த வீட்டில் மூச்சு விட்டாலே போதுமானதாக இருந்தது.

மறுநாள் சரஸ்வதி பூஜை. பூஜையன்று ராத்திரி சித்தப்பாவுக்கு விமானம். பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாம் சரியானதும், முதலில் எந்த ஃபைலை அனுப்பலாம் என்ற பேச்சு வந்தது. காபி கொண்டுவந்த அம்மா, தலைப்புத் திரை வரைகிற ஃபைலை அனுப்பச் சொன்னாள். "சின்னதா இருக்கும். ஒழுங்கா வரதான்னு பாத்துண்டு மத்ததை அனுப்பலாம்" என்றாள். நான்தான் கட்டளையைத் தட்டினேன். புதுக் கம்ப்யூட்டரில் வரி வரியாக இறங்கியது. ஒரு பிழை இல்லை. நான் கூடத்தைச் சுற்றி ஓடினேன்.

சித்தப்பா ஃபைலைத் திறந்தார். மேலே ஒரு பிள்ளையார் சுழி வரைவதற்கான வரிகள். அதன் கீழே, எழுதியது என்று ஆங்கிலத்தில் போட்டு, அம்மாவின் பெயர். அப்பாவின் இனிஷியல் அதில் இல்லை, அவளுடைய அப்பாவின் இனிஷியல் இருந்தது. சித்தப்பா அந்த வரியை மவுஸால் இழுத்து நீலமாக்கினார். ஒரு விசையைத் தட்டினார். அது போயிற்று. அந்த இடத்தில் தன் பெயரையும், இன்னும் தொடங்காத கம்பெனியின் பெயரையும் தட்டச்சு செய்தார். எதற்கு என்று கேட்டேன். "பழசெல்லாம் க்ளீன் பண்றேன்டா கண்ணு" என்றார். பிறகு ஞாபகம் வந்தவராக, கீழே என் பெயரையும் சேர்த்தார். நான் பூரித்துப்போனேன். பிள்ளையார் சுழியில் அவர் கை வைக்கவில்லை. தெய்வ பக்தி உள்ளவர்.

அம்மா அவர் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றாள். கையில் டபரா. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை என்று நான் நினைத்தேன். மேஜையில் காபியை வைத்துவிட்டு, கொலுவுக்கு யாரோ வருகிறார்கள் என்று போய்விட்டாள். கூட்டம் வர ஆரம்பித்துவிட்டதால், மீதி ஃபைல்களைக் காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று சித்தப்பாவும் எழுந்தார். தூங்கப் போகும்போது அம்மா என்னிடம், எல்லாம் சரியாக வந்ததா என்று கேட்டாள். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை என்றேன். "சரி, படு" என்றாள்.

காலையில் கூடத்துக்கு வந்தால் பழைய கம்ப்யூட்டர் மூலையில் இல்லை. கொலுப்படிக்குக் கீழே பட்டுத் துணி விரித்து அதன் மேல் இருந்தது. திரையின் நடுவில் ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். தட்டச்சுப் பலகையிலும் பொட்டு. கழற்றிச் சுருட்டிய ஒயருக்குக்கூட ஒரு பொட்டு. மேலே என் பள்ளிப் புத்தகங்கள், அப்பாவின் கணக்குப் புத்தகம், அதற்கெல்லாம் மேலே சரஸ்வதி படம், முழம் முழமாகச் சாமந்தி. அம்மா தலைக்குக் குளித்து, மடிசார் கட்டிக்கொண்டு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். அவளை மடிசாரில் பார்த்தது அதுவரை இரண்டே கல்யாணங்களில்தான்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருஷம் முழுவதும் சாதுவாக இருக்கிற மனுஷர் சரஸ்வதி பூஜையன்று மட்டும் போலீஸாகிவிடுவார். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக்குப் புனர்பூஜை செய்துதான் எடுக்க வேண்டும். அதுவரை படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. செய்தித்தாளை மடிப்புக் கலையாமல் பூஜையில் வைத்துவிடுவார். வைக்க முடியாத காலண்டரைச் சுவர் பக்கமாகத் திருப்பி மாட்டுவார். பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தைப் படித்ததற்காக நான் ஒரு தடவை குட்டு வாங்கியிருக்கிறேன்.

சித்தப்பா பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு நகர்த்தப் போனார். அப்பா, "தொடப்படாது" என்றார்.

"அண்ணா, இது கம்ப்யூட்டர். புஸ்தகமா என்ன?"

"அதுல எழுத்து இருக்கோ இல்லையோ?"

"ராத்திரி எனக்கு ஃப்ளைட்."

"டிக்கெட்டை மாத்திக்கோ. நாளைக்குக் கார்த்தால எடுத்துக்கலாம்."

டிக்கெட்டை மாற்ற முடியாது. அவர் அங்கே போய்ச் சேர வேண்டிய வேலை இருந்தது. தம்பி கேட்டு அப்பா எதையும் மறுத்து நான் பார்த்ததில்லை, இதை மறுத்தார். சித்தப்பா குரலை உயர்த்தினார், கெஞ்சினார், கடைசியில் சமையலறை வாசலுக்கு வந்து, "மன்னி, நீங்களாவது அண்ணாகிட்ட சொல்லுங்கோ" என்றார். அம்மா வடையைத் தட்டி எண்ணெயில் போட்டாள். "நான் என்ன சொல்றது. உங்க அண்ணா சொன்னா சொன்னதுதான்" என்றாள். அப்படி ஒரு வாக்கியத்தை அவள் வாயிலிருந்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் பெயர் உலகம் முழுக்கத் தெரியப் போகிற நேரத்தில், விளக்கேற்றக்கூட மறந்துபோகிற இந்த அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது இத்தனை பக்தி? வடை வேண்டாம், பாயசம் வேண்டாம் என்று மொட்டை மாடியில் போய் உட்கார்ந்தேன். படித்தவள் மாதிரியா நடந்துகொள்கிறாள் என்று சித்தப்பா கீழே போனில் யாரிடமோ பொருமிக்கொண்டிருந்தது அங்கே கேட்டது. அவர் சொல்வது அத்தனையும் நியாயமாகப் பட்டது. ராத்திரி டாக்ஸி ஏறும்போது, "ஒரு ஃபைலை வெச்சிண்டு நான் என்ன பண்றது" என்று என் தலையைத் தடவினார். நான் அழுதேன்.

விஜயதசமி காலை அப்பா புனர்பூஜை முடித்துப் படத்தை வடக்கே நகர்த்தினார். அம்மா பழைய புடவைக்கு மாறியிருந்தாள். ஈரத்துணியால் திரைச் சந்தனத்தைத் துடைத்தாள். பெட்டியை மூலைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஒயரைச் செருகினாள். புதுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு முக்காலி, பழையதற்கு முன்னால் ஒரு முக்காலி. இரண்டுக்கும் நடுவே தானே மாறி மாறி உட்கார்ந்து ஒவ்வொரு ஃபைலாக அனுப்ப ஆரம்பித்தாள். எதுவும் தடுக்கவில்லை. மறுபடி முயலட்டுமா என்று பெட்டி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அத்தனையும் வந்து சேர்ந்துவிட்டன.

"நேத்தே பண்ணியிருக்கலாமே" என்று கத்தினேன்.

"நேத்து சரஸ்வதி பூஜை" என்றாள் அம்மா.

கொஞ்ச நாள் கழித்துச் சித்தப்பா போன் செய்து, மீதி ஃபைல்களை மெயிலில் அனுப்ப முடியுமா என்று கேட்டார். சந்தன ஈரம் உள்ளே இறங்கிவிட்டது போலிருக்கிறது, பெட்டி உயிர்பெறவே இல்லை என்று அம்மா சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். பூஜையும் பண்ணிவிட்டுப் பொய்யும் சொல்கிறாளே என்று அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொண்டேன். சித்தப்பாவின் கதை அந்தப் போனோடுதான் பிறந்தது. அம்மா அதை ஒரு நாளும் மறுத்ததில்லை. முட்டாள் பக்தை என்ற பெயர் அவளுக்கு எல்லா மண்டபங்களிலும் நிலைத்துவிட்டது.

அந்த ஃபைல்களால் அம்மா ஒன்றும் வாழ்ந்துவிடவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்துவிட்டாள். பழைய பெட்டியைக் காயலான் கடைக்காரர் தூக்கிக்கொண்டு போனார். ஃபைல்கள் மட்டும் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி, இப்போது என் லேப்டாப்பில் இருக்கின்றன. நான் இத்தனை வருஷம் அவற்றைத் திறந்ததில்லை.

தி.நகர் கல்யாணத்திலிருந்து திரும்பிய அன்று, பாதி லாஜிக் யாருடையது பார்த்துவிடுகிறேன் என்று வீம்பாகத் திறந்தேன். தலைப்பு ஃபைலில் பிள்ளையார் சுழியும் அதன் கீழே அம்மாவின் பெயரும் இனிஷியலும் அப்படியே இருந்தன. மற்ற ஃபைல் எதிலும் யார் பெயரும் இல்லை. வெறும் கணக்கு. பிறகு, எது பெரியது எது சிறியது என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன்.

ஒயர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, அந்தத் தலைப்பு ஃபைலைவிடச் சின்ன ஃபைல்கள் நாலைந்து இருந்தன. அதில் ஏதாவது ஒன்றை அம்மா அனுப்பச் சொல்லியிருக்கலாம். தன் பெயர் இருந்த ஒரே ஃபைலை அனுப்பச் சொல்லிவிட்டு, காபியோடு அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். சின்னது என்று அவள் சொன்னாள். அளவைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.